மாலை போட்டவருக்கு ஒரு இலை

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் டயர் பஞ்சராகி நின்றோமே, அப்போது காற்றோடு ஒரு வாசனை வந்தது. வைக்கோல் தீயில் மயிர் பொசுங்கும் வாசனை. பஞ்சர் கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் இரண்டு பேர் ஒரு பன்றியைப் புரட்டிப் புரட்டி வாட்டிக்கொண்டிருந்தார்கள். கயல், நீ துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, "சீ, பன்னிப்பா! இதப் போயி மனுசன் துன்னுவானா?" என்றாய். சத்தமாகத்தான் சொன்னாய். பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டார். உன் தம்பி மட்டும் விடவில்லை. "யாருல்லாம்ப்பா பன்னி துன்ன மாட்டாங்க? ஏன் துன்ன மாட்டாங்க?" என்று திண்டிவனம் வருகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். "பேசாம வாடா, லாரி வருது" என்று சொல்லி நான் தப்பித்தேன்.

பதில் தெரியாமல் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதுதான் விஷயம். அன்றையிலிருந்து மனசுக்குள் ஒரு பயம் வேறு. அந்த வார்த்தையை இவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லிவைப்பாளோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்த வாசனைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்கே தெரியாமல் போய்விடுமோ என்பது. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து வேறு பக்கத்தில் போய் நிற்பேன், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத டிரைவர் மாதிரி. பொறுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸில் வண்டி ஓட்டினேன். இப்போது மாதிரி சொந்த வண்டி இல்லை. அந்தக் காரில் ஏசியைப் போட்டால் காயாத துணி வாசனை வரும், போடாவிட்டால் டீசல் வாசனை வரும். இரண்டில் எது வேண்டும் என்று வருகிறவர்களிடமே கேட்டுவிடுவேன். இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு என் வண்டியைத்தான் அனுப்புவார்கள், எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும் என்று முதலாளி நம்பியதால். அந்த நாலு வார்த்தையில் இரண்டு 'யெஸ் சார்'.

அப்படி வந்தவர்தான் யோசேப் ஐயா. இஸ்ரேல் தேசத்துக்காரர், யூதர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருஷமும் பனிக்காலத்தில் வந்து, மாசி வெயில் ஏறும்போது கிளம்பிப் போய்விடுவார். வெள்ளைத் தாடி, கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு, ரப்பர் செருப்பு. வந்துவந்து போனதில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை 'மல்லாட்டை', வேர்க்கடலைக்கு நம் பக்கத்துப் பேர். வேகவைத்த மல்லாட்டை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். தோலை ஜன்னலுக்கு வெளியே போட மாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிற்பாடு அந்தப் பையிலிருந்தே கண்ணாடியை எடுத்துத் துடைப்பார். கண்ணாடியில் ஈரத்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பன்றிப் பேச்சு எப்படி வந்தது தெரியுமா? திண்டிவனம் பைபாஸில் ஒருநாள் ஒரு பன்றி சாக்கடை ஓரமாக, நாலு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. யோசேப் ஐயா அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, அது பொய் சொல்லுது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளக்கினார். அவர்களுடைய பழைய சட்டத்தில் எந்த மிருகத்தைச் சாப்பிடலாம் என்பதற்கு இரண்டு அடையாளம் உண்டாம். குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். ஆடு, மாடு, மான் எல்லாம் இரண்டிலும் தேறிவிடும். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசை போடாது. அதனால் அவர்களுடைய பழைய வாத்தியார்கள் ஒரு கேலி சொல்வார்களாம். பன்றி படுக்கும்போது காலை நீட்டிக்கொண்டு, 'பாருங்க என் குளம்பை, நான் சுத்தம்' என்று ஏமாற்றுகிறதாம். அதற்குப் பிறகு எங்கே பன்றி படுத்திருந்தாலும் காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நீட்டித்தான் படுக்கிறது.

நான் மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளை. அசை போடுவதும் குளம்பு பிளந்திருப்பதும் எனக்குப் புரியும். புரியாதது, அது ஏன் கூடாது என்பது. அதையும் கேட்டேன். யோசேப் ஐயா சந்தோஷமாகிவிட்டார். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் விடுவாரா? விக்கிரவாண்டி தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தார். சரியாக வேகாத பன்றிக்கறியில் நோய் உண்டு, அதனால்தான் என்று சிலர் சொல்வார்களாம். ஆனால் பக்கத்து ஊர்க்காரன் அதையே தின்றுவிட்டு நன்றாகத்தானே இருந்தான் என்று இவரே மறுப்பார். அவர்களுடைய பழைய தேசம் காய்ந்த மலைக்காடு, பன்றிக்கோ நிழலும் சேறும் தண்ணீரும் வேண்டும், மந்தையோடு வெகுதூரம் நடக்காது, பால் தராது, ஏர் இழுக்காது, அதனால் வளர்க்காமல் விட்டிருப்பார்கள் என்று இன்னும் சிலர் சொல்வார்களாம். அந்த மலையூர்களைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஆட்டெலும்பும் மாட்டெலும்பும்தான் நிறையக் கிடைத்ததாம், பன்றி எலும்பு அபூர்வமாம். கடலோரத்தில் இருந்த எதிராளிகள் சில ஊர்களில் பன்றி தின்றிருக்கிறார்களாம். 'அவன் தின்கிறான், நாம் தின்ன மாட்டோம்' என்பதே ஒரு வேலியாகப் போயிருக்கலாம் என்றார்.

"கடைசியா எதுதாங்க நெசம்?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி. மொதல்ல ஏன்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் என்ன நடந்துச்சு, அதுதான் தெரியும்."

ஒட்டகமும் முயலும்கூட அவர்களுக்கு ஆகாதாம். ஆனால் ஒட்டகத்துக்காக யாரும் உயிரை விட்டதில்லை, பன்றிக்காக விட்டிருக்கிறார்கள் என்றார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேற்று நாட்டு ராஜா ஒருவன் அவர்கள் வாயில் பன்றிக்கறியைத் திணிக்கச் சொன்னானாம். ஊரில் மரியாதைப்பட்ட ஒரு கிழவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு வேண்டப்பட்டவர்களே காதோடு காதாக, 'உனக்கு ஆகிற கறியை வீட்டிலிருந்து கொண்டு வா, பன்றிக்கறி தின்கிற மாதிரி பாவனை பண்ணு, தப்பித்துக்கொள்' என்றார்களாம். கிழவர் மாட்டேன் என்றுவிட்டார். 'பார்க்கிற சின்னப் பிள்ளைகள் நான் தின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும்' என்றாராம். உயிரை விட்டார். அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு, ஸ்பெயின் தேசத்தில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களின் வீட்டுப் புகையை அக்கம்பக்கத்தார் மோந்து பார்ப்பார்களாம், பன்றி வேகிறதா இல்லையா என்று. பயத்தில் சிலர் பன்றித் தொடையை ஊரார் கண்ணில் படத் தொங்கவிட்டிருப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் ஸ்டாண்டுக்கு வந்து கோட்டக்குப்பம் ரஹீம் பாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அப்போது என்னோடு வண்டி ஓட்டினார், பிற்பாடு சவுதிக்குப் போய்விட்டார். "பாய், உங்களுக்கும் அது ஆகாது, அவங்களுக்கும் ஆகாதாம்" என்றேன். ரஹீம் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "கூடாதுன்னா கூடாது, அவ்ளோதான். அதுக்கு விக்கிரவாண்டி வரைக்குமா பேசுவாங்க?" என்றார்.

யோசேப் ஐயா பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போக மாட்டார், அவர்களுடைய ஓய்வுநாளில்கூட ஊர் சுற்ற வண்டி கேட்பார். மற்ற சட்டம் ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று, இது ஒன்று மட்டும் விடவில்லை என்பார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பிற்பாடு தலைவலியானது. ஒருவன் மிரட்டித் தின்னச் சொன்னால் கூடாது. ஆனால் ஓர் உயிர் பிழைக்க வேறு வழியே இல்லை என்றால் அவர்களுடைய சட்டமே தின்னச் சொல்கிறதாம். யுத்த காலத்துப் பட்டினியில் அவருடைய அம்மாவே தின்று பிழைத்தாளாம். "அம்மாவை யாரும் தப்பு சொல்லல. அம்மாதான் அதப் பத்திப் பேசவே இல்ல" என்றார்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கயல், உனக்கு முன்னால் உன் அம்மா வயிற்றில் ஒரு பிள்ளை வந்தது. தங்கவில்லை. நாலாம் மாசத்தில் போய்விட்டது. உங்களிடம் நாங்கள் இதைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு உங்கள் அஞ்சலை அத்தை, என் அக்கா, என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "படையல் போட்டியாடா நீ?" என்றாள். நான் போடவில்லை.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்த மருமகள் முதல் பிள்ளை உண்டானால் காட்டேரிக்கு ஓடைக்கரையில் படையல் போட வேண்டும். ஈர மணலில் உருவம் பிடித்து, கறுப்பு வளையல் போட்டு, முட்டை, கருவாடு, கொழுக்கட்டை, கறுப்புக்கோழி எல்லாம் வைத்து, ஒரு பன்றியும் அறுப்பார்கள். வருஷம் முழுக்கப் பன்றியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் சாப்பிட வேண்டும். அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று, சட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஓடையில் குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒரு துணுக்குகூட வீட்டுக்கு வரக்கூடாது. 'பன்னிக்கறி' என்று வாய் தவறியும் சொல்ல மாட்டோம், 'படையல்' என்போம். முக்கியமானது இதுதான். பூசை செய்கிறவர் அடுப்புச் சாம்பலால் ஒரு கோடு போடுவார், இருக்கிறவர்களைச் சுற்றி. கோட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒரு வாயாவது தின்றாக வேண்டும். ஒருத்தர் தின்னாமல் போனாலும் காட்டேரி அந்தப் பங்கை வயிற்றுப் பிள்ளையிடம் கேட்பாள் என்பது நம்பிக்கை.

இதை நான் ஏன் போடவில்லை? வெட்கம்தான். விழுப்புரம் டவுனில் வீடு, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று. பன்றித் தொடையை ஊரார் பார்க்கத் தொங்கவிட்டவர்களின் கதையை யோசேப் ஐயா சொன்னபோது எனக்குக் கழுத்து வேர்த்தது. நாங்கள் தொங்கவிடவில்லை, ஒளித்துவைத்தோம். மற்றபடி இரண்டும் ஒரே பயம்தான்.

நீ வயிற்றில் வந்தபோது படையல் போடாமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை. உன் அம்மாவுக்கு ஏழாம் மாசம். கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற பக்கம் ஓடைக்கரையில் ஏற்பாடு. பூசை செய்வது என் பெரியப்பா. அவருக்கு ஒரு கண்ணில் புரை, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்குப் பார்த்து யோசேப் ஐயாவுக்குச் செஞ்சி மலை ஏற ஆசை. காலையிலேயே போய் மதியத்துக்குள் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவரோ ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கோட்டையைக் கட்டினவன் யார், பிடித்தவன் யார் என்று எனக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது போன் வந்தது.

"எங்கடா கீற? செல்விய வெச்சிக்கினு பஸ் ஸ்டாப்புல ஒக்காந்துக்கினு கீறேன். ஷேர் ஆட்டோ ஒண்ணும் வரல. பொழுது எறங்கறதுக்குள்ள முடிக்கணும்டா, ஜல்தி வா!" அக்காதான். செல்வி உங்கள் அம்மா என்று தெரியும்தானே.

யோசேப் ஐயாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், வீட்டுப் பூசை என்று. "மொதல்ல அவங்க. நான் வண்டியில தூங்கறேன்" என்றார். கூட்டேரிப்பட்டில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஓடைக்குப் போனேன். பனைமரத்து நிழலில் வண்டியை விட்டேன். அவர் சீட்டைச் சாய்த்து, சிவப்புத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். உள்ளே ஆள் படுத்திருப்பது வெளியிலிருந்து தெரியாது.

அடுப்பு எரிந்தது. வைக்கோலில் அதை வாட்டினார்கள். அந்த வாசனைதான் போன வாரம் உன் மூக்குக்குப் பிடிக்காமல் போன வாசனை. பெரியப்பா சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு, முணுமுணுத்தபடி கோடு போட ஆரம்பித்தார். அடுப்பைச் சுற்றி, எங்களைச் சுற்றி, அப்படியே பனைமரத்தையும் வண்டியையும் சுற்றிக்கொண்டு வந்து முடித்துவிட்டார். நான் குனிந்து அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கோடு மூடியிருந்தது. மூடிய கோட்டை அழிக்கக்கூடாது. படையல் முடிகிறவரை யாரும் தாண்டவும் கூடாது.

கார்க் கதவு திறந்தது. யோசேப் ஐயா சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார்.

அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "இவரு இன்னாடா இங்க கீறாரு?"

"வண்டியில வந்தாரே, பின்னாடிதான ஒக்காந்துக்கினு வந்த நீ!"

"எழுந்திரிச்சி எங்கியாவது நடந்து போயிருப்பாருன்னு நெனச்சேண்டா பாவி!"

பெரியப்பா நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தன்மேல் தப்பு வந்துவிடக்கூடாது என்று உடனே சொன்னார்: "இப்ப இன்னா? ஒரு எல கூடப் போடு. தொரையும் துன்னட்டும். வெள்ளக்காரங்கதான் எல்லாம் துன்னுவாங்களே!"

"இவரு துன்ன மாட்டாரு பெரியப்பா. அவங்க மதத்துல ஆகாது."

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உன் அம்மா மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒண்ணு போனது போதாதா? இதும் போவணுமா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

யோசேப் ஐயா என்னைக் கேட்டார், ஏன் அழுகிறார்கள் என்று. நான் சொன்னேன். கோடு, இலை, போன பிள்ளை, இருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் என் இங்கிலீஷிலும் அவர் தமிழிலும் கலந்து சொன்னேன். அவர் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். "டேய், கோழிக்கறிய எடுத்து அவரு எலையில வெச்சிடு. பொழுது எறங்கிக்கினு கீது, எதுன்னு யாருக்குத் தெரியும்? அவரு துன்னாப்போல இருக்கட்டும், நாமளும் பாத்தாப்போல இருக்கட்டும்."

நான் அதை மொழிபெயர்த்தேன். சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. யோசேப் ஐயா லேசாகச் சிரித்தார். "தம்பி, ரெண்டாயிரம் வருசம் முன்னாடி அந்தக் கிழவர்கிட்ட கேட்டாங்களே, அதையே கேக்கறாரு உங்க பெரியப்பா" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இவங்க நான் சாப்பிட்டேன்னு நம்புவாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பொய் சொல்லிட்டுப் போனேன்னு நான் அங்க ஒக்காந்து நெனைக்கணும்."

அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "நெசமாவே உயிர் போற விஷயமா, தம்பி? நீ நம்பறியா? நம்பறேன்னு சொல்லு, சாப்பிடறேன்" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்கள் அப்பா என்ன சொல்லியிருக்க வேண்டும்? நம்புகிறேன் என்றால் அந்த மனிதர் தின்றுவிடுவார். கிழவர் உயிரை விட்டுக் காப்பாற்றியதை என் ஒரு வார்த்தைக்காக ஓடைக்கரையில் போட்டுவிட்டுப் போவார், அவர் அம்மாவைப் போல அதைப் பற்றி ஆயுசுக்கும் பேசாமல் இருப்பார். நம்பவில்லை என்றால், பெற்ற தாய்போல என்னை வளர்த்த அக்கா காதில் அது விழும். அதுமட்டுமா? நான் நம்பினேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. போன பிள்ளைக்குப் பிறகு எதை நம்பாமல் இருப்பது? அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு இலைக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் இலையில் ஒரு துண்டு வைத்தாள்.

"அண்ணி, இருங்க" என்றாள் உன் அம்மா.

மணலில் கையை ஊன்றி, மூச்சு வாங்க எழுந்து நின்றாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரரு சபரிமலைக்கி மால போட்டுக்கினு இருந்தப்போ ஒரு படையல் வந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்ப அவருக்கு இன்னா பண்ணீங்க?"

அக்கா யோசித்தாள். "எல போட்டோம். தொட்டுக் கும்புட்டாரு. மடிச்சி மணல்ல பொதச்சோம். மால போட்டவர போயி எப்டி துன்னச் சொல்றது?"

"அப்ப காட்டேரி ஒண்ணும் கேக்கலியே?"

"அது கார்த்திக மால, தை மாசம் கழட்டிப்புட்டாரு" என்றார் பெரியப்பா. "இவுரு இன்னா மால போட்டுக்கினு கீறாரு?"

"இவரு பொறக்கறப்பவே போட்டுக்கினவரு மாமா. இன்னும் கழட்டல. அவுங்க அப்பன் பாட்டன்லாம் கழட்டல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமாகவே, "இன்னாங்க மரம் மாதிரி நிக்கறீங்க? அவர எழுந்திரிக்கச் சொல்லுங்க. எம் புள்ளைக்காக யாரும் வாய்க்கட்ட அவுக்க வேணாம்" என்றாள்.

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். கோடு போட்டவர் அவர்தானே, அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. "சரி. மால போட்டவருன்னா வழக்கம் உண்டு" என்று ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். யோசேப் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் இலையின் ஓரத்தைத் தொட்டார். உன் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா இலையை மடித்து மணலில் புதைத்தாள். மற்ற எல்லோரும் தின்றோம். முதல் வாய் உன் அம்மா. நான் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன்.

திரும்பும்போது யோசேப் ஐயா வழியில் வாங்கிய மல்லாட்டையை ஒரு பொட்டலம் முழுக்கத் தின்றார். தோல் எல்லாம் பையில்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். அவர் ஊருக்குப் போய்விட்டார். உன் அம்மாவுக்குக் கால் வீங்கியது. ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் குறைவு என்றார்கள். அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்க்கிற பார்வையில் அந்த மடித்த இலை இருந்தது. வலி என்று உன் அம்மா புரண்டு படுத்தால் எனக்கு அந்த மணல்தான் கண்ணில் வரும். தோண்டி எடுத்து யாராவது தின்றுவிட்டால் சரியாகிவிடுமோ என்றுகூட ஒரு கிறுக்கு யோசனை வந்தது. சிரிக்காதீர்கள். பயந்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கடல் தாண்டிப் போன மனிதரும் சும்மா இருக்கவில்லை. அடிக்கடி போன் வரும். எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "வயிறு?" என்பார். நான் "நல்லாருக்கு ஐயா" என்பேன். தண்ணீர் குறைவு என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போன் இன்னும் அதிகமாக வர ஆரம்பித்தது. காட்டேரியை நம்பாத அந்த மனிதர் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

கயல், நீ விழுப்புரத்தில் பிறந்தாய். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்று உள்ளே ஓடினார்கள், கதவைச் சாத்தினார்கள். அக்காவும் நானும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. "வயிறு?" நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது நீ கத்தினாய். அந்தச் சத்தத்தை அவரும் கேட்டார். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அக்கா போனைப் பிடுங்கி, "பொண்ணு! பொண்ணு பொறந்துட்டா! நல்லா கீறா!" என்று இஸ்ரேல் வரைக்கும் போன் இல்லாமலே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அடுத்த பனிக்காலத்தில் அவர் வந்து உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். நீ அவர் தாடியைப் பிடித்து இழுத்தாய். அதற்குப் பிறகு பங்காளி வீட்டு மருமகளுக்கு ஒரு படையல் வந்தது. அதே ஓடை, அதே பெரியப்பா. எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, அக்கா ஓரமாக இன்னொரு இலை போட்டாள், அதில் ஒன்றும் வைக்கவில்லை. கடைசியில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மடித்துப் புதைத்தாள். அன்றையிலிருந்து எங்கள் வகையறாவில் யார் படையல் போட்டாலும் அந்த வெறும் இலை உண்டு. கடைசியாக நடந்த படையலில் புதிதாக வந்த ஒரு மருமகள், "இது யாருக்கு?" என்று கேட்டாள். "மால போட்டவருக்கு. நம்ம வழக்கம்" என்றாள் அக்கா. அந்தப் பெண் பயபக்தியாகத் தலையாட்டினாள், ஏதோ பூட்டன் காலத்திலிருந்து வருகிறது போல. மொதல்ல ஏன்னு யாருக்கும் தெரியாது என்று யோசேப் ஐயா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

தம்பி வயிற்றில் இருந்தபோது படையல் போடவில்லை. முதல் பிள்ளைக்குத்தான் கட்டாயம் என்று எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள், ஆனால் பத்து மாசமும் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன். பெரியப்பா போய்விட்டார். இப்போது வருகிற மருமகள்கள் எல்லாம் சென்னையில் இருக்கிறார்கள், ஸ்கேன் படத்தை போனில் அனுப்புகிறார்கள். யோசேப் ஐயா ஒரு பனிக்காலத்தில் வரவில்லை, அதற்கடுத்த பனிக்காலத்திலும் வரவில்லை. அந்த நம்பரைப் போட்டால் புரியாத பாஷையில் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டுக் கட்டாகிறது. அழிக்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன்.

பஞ்சர் ஒட்டி முடித்த பிறகு மயிலம் பக்கமாக வண்டியைத் திருப்பினேனே, "வழி தப்பிட்டீங்கப்பா" என்று நீ சொன்னாய். வழி தப்பவில்லை. ஓடையைப் பார்க்கத்தான் போனேன். தூர்த்து மேடாக்கி, மனை போட்டிருக்கிறார்கள். பனைமரம் இல்லை. சாம்பல் கோடு ஓடின இடத்தில் மஞ்சள் பூசிய கல்லை வரிசையாக நட்டிருக்கிறார்கள். இலை புதைத்த இடம் இதுவாக இருக்கும் என்று ஒரு மனையைக் குத்துமதிப்பாகப் பார்த்தேன். நாளைக்கு யாரோ அதை வாங்கி வீடு கட்டுவார்கள், அந்த மூலையில் அடுப்படி வரும். அவர்கள் எதைத் தின்கிறவர்களோ, எதைத் தின்னாதவர்களோ.